எஸ்.ஜி.பி.டி. 84: "வெறும் கொழுப்புதான்" என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, எடை 52 கிலோ. மார்ச் மாதம் காய்ச்சல் வந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 92, எஸ்.ஜி.ஓ.டி. 71 என்று வந்தது. காய்ச்சலால் இருக்கும் என்றார்கள். நாலு மாதம் கழித்து, பையன் நன்றாக இருக்கும்போது மறுபடி எடுத்தோம். எஸ்.ஜி.பி.டி. 84, எஸ்.ஜி.ஓ.டி. 66. ஆல்கலைன் பாஸ்படேஸ் 310 என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. பிலிருபின் 0.7, மொத்தப் புரதம் 7.4, அல்புமின் 4.3, ஜி.ஜி.டி. 24, பிளேட்லெட் 2.9 லட்சம். ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1'. எடையைக் குறையுங்கள், வேறு ஒன்றுமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். என் தம்பி இணையத்தில் ஒரு கால்குலேட்டரில் எண்களைப் போட்டுப் பார்த்து, 0.27 வருகிறது, பயமில்லை என்கிறான். மாமியார் தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். குடிக்க செப்புப் பானைத் தண்ணீர்தான். என் கணவர் எனக்குத் தாய்மாமன் மகன். நாத்தனாரின் மூத்த பையன் 13 வயதில் 'காமாலை முற்றி', வயிறு வீங்கி இறந்துபோனான். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ரத்தப் பரிசோதனையை வைத்தே ஈரல் நோயைக் கண்டுபிடித்துவிட முடியாதா? 6 வயது மகளுக்கும் எடுக்க வேண்டுமா?

பி.கு.: என் தங்கையின் குழந்தைக்கு 24 நாள் ஆகிறது. கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. தாய்ப்பால் மஞ்சள், காலை வெயிலில் காட்டினால் போதும் என்கிறார்கள். சரிதானா?

— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பின்குறிப்பில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது நாள் எண்ணிச் செய்ய வேண்டிய விஷயம்.

24 நாள் குழந்தையின் மஞ்சள் தாய்ப்பாலால் வந்ததாகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கண்ணால் பார்த்து அதை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது, அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது. பிறந்து 14 நாளைத் தாண்டியும் மஞ்சள் இருந்தால், அந்த நிறத்தைத் தரும் பிலிருபினை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: மொத்த பிலிருபின் எவ்வளவு, அதில் 'டைரக்ட்' பிலிருபின் எவ்வளவு. தாய்ப்பால் மஞ்சளில் டைரக்ட் ஏறாது. டைரக்ட் 1 மில்லிகிராமைத் தாண்டினால், பித்தம் ஈரலிலிருந்து இறங்காமல் தேங்குகிறது என்று பொருள். அதற்கு முக்கியமான ஒரு காரணம் பித்தநாளங்கள் அடைந்துபோகும் 'பிலியரி அட்ரீசியா'. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவை சிகிச்சையை அதற்குச் செய்கிறோம். 60 நாளுக்குள் செய்தால் பித்தம் ஓடத் தொடங்கும் வாய்ப்பு அதிகம். தள்ளிப் போகப் போக அந்த வாய்ப்பு குறையும், ஈரல் சுருங்கி இறுகிப்போகும். வெயிலால் டைரக்ட் பிலிருபினுக்கு ஒரு பயனும் இல்லை. இருக்கிற நாட்களை அது தின்றுவிடும், அவ்வளவுதான்.

உங்கள் தங்கையிடம் இன்றே இரண்டு விஷயம் கேளுங்கள். குழந்தையின் மலம் வெளிறி, சுண்ணாம்பு நிறத்தில் இருக்கிறதா? சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடுகிறதா? பச்சைக் குழந்தையின் சிறுநீருக்கு நிறமே இருக்கக் கூடாது. இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தாலும் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையை நாளைக்கே எடுத்துவிடுங்கள். குழந்தை கொழுகொழுவென்று பால் குடித்து விளையாடுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், முதல் சில வாரம் இந்த நோயில் குழந்தைகள் அப்படித்தான் இருப்பார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று சிகிச்சை 1998-இல் டெல்லியில் நடந்தது. அந்தக் குழந்தைக்குக் காஞ்சிபுரம்தான் ஊர், நோய் இதேதான். அவர் வளர்ந்து மருத்துவராகிவிட்டார். அது நல்ல முடிவுதான், ஆனாலும் ஈரலையே மாற்றும் நிலை வராமல் தடுக்க முடிந்தால் அதைத்தானே செய்வோம்.

இனி உங்கள் மகன்.

ரத்தப் பரிசோதனையை வைத்து ஈரல் நோயைக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டுபிடிக்கலாம், ஆனால் எந்தப் பரிசோதனையிடம் எதைக் கேட்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஈரல் செல்கள் அடிபடுகின்றனவா என்பது ஒரு கேள்வி. ஈரல் தன் வேலையைச் செய்கிறதா என்பது வேறு கேள்வி. அடிபடக் காரணம் என்ன என்பது மூன்றாவது. நம் ஊரில் 'எல்.எஃப்.டி.' (ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை) என்று எடுப்பது முதல் கேள்விக்கு நன்றாகவும், இரண்டாவதற்கு ஓரளவும் பதில் சொல்லும். மூன்றாவதற்கு அதில் ஏறக்குறைய பதிலே கிடையாது. உங்கள் மகனுக்கு இதுவரை நடந்திருப்பது முதல் இரண்டு மட்டும். மூன்றாவதைக் கேட்காமலேயே 'கொழுப்பு' என்று எழுதி மூடியிருக்கிறார்கள். இதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

எஸ்.ஜி.பி.டி. ஈரல் செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். எஸ்.ஜி.ஓ.டி.யும் அப்படித்தான், ஆனால் அது தசை, இதயம், சிவப்பணு என்று வேறு இடங்களிலும் உண்டு. காய்ச்சலில், குறிப்பாக டெங்குவில், இரண்டும் ஏறும், எஸ்.ஜி.ஓ.டி. கூடுதலாக ஏறும். அதனால் மார்ச் மாத ரிப்போர்ட்டைப் பார்த்து 'பொறுத்திருந்து பார்ப்போம்' என்று சொன்னது சரியான ஆலோசனை. ஆனால் நாலு மாதம் கழித்து, காய்ச்சலே இல்லாத பையனுக்கு 84 என்றால் அதைக் காய்ச்சலின் தலையில் கட்ட முடியாது.

84 பெரிய எண்ணா? லேப் ரிப்போர்ட்டில் '45 வரை நார்மல்' என்று அச்சடித்திருப்பார்கள், அதை வைத்துப் பார்த்தால் இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் அது பெரியவர்களுக்கான அளவு. ஆரோக்கியமான பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் கணக்கிட்டு 2010-இல் வெளியிட்ட மேல் எல்லை, ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 26, பெண் பிள்ளைகளுக்கு 22. அப்படிப் பார்த்தால் உங்கள் பையனுடையது மூன்று மடங்குக்கும் மேல். எடை கூடிய பிள்ளைகளுக்காக வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை-குடல் மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன சொல்கிறது என்றால், எஸ்.ஜி.பி.டி. இரண்டு மடங்குக்கு மேல் மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் மற்ற காரணங்களைத் தேட வேண்டும், 80-ஐத் தாண்டினால் இன்னும் கவனமாக. உங்கள் மகன் இரண்டிலும் வருகிறான்.

அதே சமயம், ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்ததற்கெல்லாம் பயப்படவும் வேண்டாம். ஆல்கலைன் பாஸ்படேஸ் 310 என்பது 11 வயதுப் பையனுக்குச் சாதாரணம். அது எலும்பிலிருந்தும் வரும். பிள்ளை வளரும்போது எலும்பு வேலை செய்கிறது, அவ்வளவுதான். கிடுகிடுவென்று உயரும் வயதில் 400-ஐத் தொடுவதும் உண்டு. பித்தநாளத்தில் சிக்கல் இருந்திருந்தால் ஜி.ஜி.டி. என்ற நொதியும் சேர்ந்து ஏறியிருக்கும், உங்களுக்கு 24 தான். ஆக, தடித்த எழுத்தில் வந்த எண்ணில் பிரச்சினை இல்லை, சாதாரண எழுத்தில் வந்ததில் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனி அளவுகோல் போடாமல் ரிப்போர்ட் அடிக்கும் லேப்களால் வரும் தலைவலி இது.

ஈரலின் வேலையைச் சொல்பவை வேறு. அல்புமினை ஈரல்தான் செய்கிறது. உங்கள் மகனுக்கு 4.3, நன்றாக இருக்கிறது. ஆனால் அல்புமின் ரத்தத்தில் மூன்று வாரம்போலத் தங்கும், அதனால் ஈரல் திடீரென்று தளர்ந்தால் உடனே காட்டிக்கொடுக்காது. ரத்தம் உறையும் நேரம், அதாவது ஐ.என்.ஆர்., சில மணி நேரங்களிலேயே காட்டிவிடும். அதை உங்களுக்கு எடுக்கவே இல்லை, எடுக்க வேண்டும். ஐ.என்.ஆர். ஏறியிருந்தால் வைட்டமின் கே ஊசி போட்டு மறுபடி பார்ப்போம். ஊசிக்கு அது இறங்கினால் குறை வைட்டமினில், இறங்காவிட்டால் ஈரலில்.

பிளேட்லெட் 2.9 லட்சம் என்பது நல்ல செய்தி. டெங்குவால் பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடே நம் ஊரில் கிடையாது. ஆனால் ஈரல் இறுகும்போதும் அது குறையும் என்பது பலருக்குத் தெரியாது. ஈரல் இறுகினால் ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்கும், வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே நிலையாக இருந்தால், எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தாலும் நான் வயிற்றில் கை வைத்து மண்ணீரலைத் தேடுவேன். ஈரல் முழுக்கத் தழும்பாகிவிட்ட பிள்ளைக்கு எஸ்.ஜி.பி.டி. 35 என்று வருவது நடக்கும். கசிவதற்குச் செல் மிச்சம் இருந்தால்தானே கசியும். பிறப்பிலேயே தாயிடமிருந்து ஹெபடைடிஸ் பி தொற்றிய பிள்ளைகளுக்கும் பல வருடம் எல்.எஃப்.டி. சுத்தமாக இருக்கலாம். அதனால் எல்.எஃப்.டி. நார்மல் என்பதை மட்டும் வைத்து ஈரலுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது.

தம்பியின் கால்குலேட்டரைப் பற்றி. அவர் போட்டது ஈரலில் தழும்பு எவ்வளவு என்று மதிப்பிடும் 'ஃபிப்-4' என்ற கணக்காக இருக்க வேண்டும், நானும் உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன், அதே 0.27 வருகிறது. அந்தச் சூத்திரத்தில் வயதைப் பெருக்குகிறார்கள். 11-ஆல் பெருக்கினால் எந்தப் பிள்ளைக்கும் குறைவாகத்தான் வரும். இதே எண்களை 55 வயது ஆளுக்குப் போட்டால் 1.37, அதாவது 'மேலும் பரிசோதியுங்கள்' என்ற 1.3 எல்லைக்கு மேல். குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தம்பி அக்கறையோடுதான் செய்திருக்கிறார், ஆனால் அந்த 0.27-ஐ மறந்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி, காரணம். 11 வயது, 52 கிலோ, ஸ்கேனில் கொழுப்பு. வெறும் கொழுப்பு ஈரலாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி நாத்தனாரின் மகனைப் பற்றியது. 13 வயதில் காமாலை, வயிற்றில் நீர், மரணம். அதோடு உறவுக்குள் திருமணம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது 'வில்சன் நோய்' இல்லை என்று நிரூபிக்கும்வரை நான் விடமாட்டேன். அந்தப் பையனுக்கு என்ன நோய் என்று இனி தெரிய வழியில்லை, வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் தேட வேண்டும்.

நாம் சாப்பிடும் உணவில் இருக்கும் செம்பில் தேவைக்கு மேலானதை ஈரல் பித்தத்தில் தள்ளி வெளியேற்றும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்த பிள்ளைக்கு அந்த வேலை நடக்காது. செம்பு ஈரலில் சேரும், பிறகு மூளையிலும் கண்ணிலும். பெரும்பாலும் 5 வயதுக்கு மேல்தான் தெரியவரும். இதில் ஒரு சூழ்ச்சி உண்டு: வில்சன் நோயின் தொடக்கத்தில் ஈரலில் கொழுப்பும் படியும். ஸ்கேனில் பார்த்தால் உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் உள்ள அதே 'ஃபேட்டி லிவர்' தான். ஒல்லியான பிள்ளையாக இருந்தால் டாக்டர் சந்தேகப்படுவார், குண்டான பிள்ளையாக இருந்தால் எடையிலேயே காரணம் கிடைத்துவிட்டதாகத் தோன்றும்.

இதற்கு முதல் ரத்தப் பரிசோதனை, ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான 'செருலோபிளாஸ்மின்'. 20 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் சந்தேகம், 10-க்குக் கீழே என்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் இது பொய்யாக ஏறி நார்மல் போலக் காட்டும், ஊட்டச்சத்து குறைந்த பிள்ளைகளில் பொய்யாகக் குறையும். அதனால் இதை மட்டும் நம்பாமல் 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். பிள்ளைகளில் 40 மைக்ரோகிராமைத் தாண்டினால் விடாமல் தொடர்வோம். சேகரிப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சேர்க்கக் கூடாது. அதற்குப் பிறகு போவது எல்லாவற்றையும், இரவில் போவதையும், மறுநாள் காலை முதல் சிறுநீரையும் சேர்க்க வேண்டும். லேப் கொடுக்கும் பிளாஸ்டிக் கேனில் மட்டும் பிடியுங்கள், எந்த உலோகப் பாத்திரமும் நடுவில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை செய்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை விட்டுப்போனது என்ற கதை வராது. கூடவே கண் மருத்துவரிடம் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை, கருவிழி ஓரத்தில் செம்பு வளையம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வளையம் இல்லாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது. ஈரலில் மட்டும் பாதிப்புள்ள பல பிள்ளைகளுக்கு அது தெரியாது.

இந்த முடிவுகள் வரும்வரை செப்புப் பானையை எடுத்து வைத்துவிடுங்கள். பானையால் வில்சன் நோய் வராது, ஆனால் அந்த நோய் உள்ள பிள்ளைக்கு அது கூடாது. (வேறொரு கதையும் உண்டு: ஒரு காலத்தில் இந்தியாவில் மூன்று வயதுக்குள் பிள்ளைகளின் ஈரலைச் சுருக்கிக் கொன்ற நோய் ஒன்று, ஈயம் பூசாத பித்தளை, செப்புப் பாத்திரத்தில் பால் காய்ச்சிக் கொடுத்ததோடு தொடர்புடையது. எவர்சில்வர் வந்த பிறகு அந்த நோய் அநேகமாக மறைந்தேவிட்டது. இப்போது ஆரோக்கியம் என்று சொல்லி செம்பைத் திரும்ப வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.)

வில்சன் மட்டும் போதாது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்கும் 'ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ்' பிள்ளைகளுக்கும் வரும். கண்டுபிடிக்கும்போதே பலருக்கு ஈரல் தழும்பாகியிருக்கும். உங்கள் ரிப்போர்ட்டிலேயே இதற்கு ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. மொத்தப் புரதம் 7.4-இல் அல்புமின் 4.3-ஐக் கழித்தால் 3.1 மிஞ்சும், அதுதான் குளோபுலின். இந்த நோயில் அது ஏறும், 3.1 எனக்குச் சந்தேகம் தரவில்லை. ஆனாலும் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்புப் புரதங்களுக்கான ஐ.ஜி.ஜி., ஏ.என்.ஏ., எஸ்.எம்.ஏ., எல்.கே.எம். பரிசோதனைகளை ஒரு தடவை பார்த்துவிடலாம். ரிப்போர்ட் வாங்கும்போது டைட்டர் எண்ணையும் (அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு) கேளுங்கள். பெரியவர்களில் பொருட்படுத்தாத குறைந்த டைட்டர்கூடப் பிள்ளைகளில் கணக்கில் வரும். ஹெபடைடிஸ் பி-க்கு உங்கள் மகன் பெண்டாவேலன்ட் என்ற கூட்டுத் தடுப்பூசி போட்டிருப்பான், இருந்தாலும் பி, சி இரண்டுக்கும் பரிசோதனை எளிது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். தைராய்டும் பாருங்கள். கோதுமை ஒவ்வாத சீலியக் நோய் தென்னிந்தியாவில் குறைவு, ஆனால் ஒரே ஊசியில் எடுக்கும்போது அதையும் சேர்த்துவிடுங்கள். சர்க்கரை, கொழுப்பு அளவுகளுக்கு மட்டும் வெறும் வயிறு வேண்டும்.

பட்டியலில் பலர் மறப்பது, தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் நொதியான சி.பி.கே. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் தசையிலிருந்தும் வருவதால், தசைநோய் உள்ள சில பையன்களுக்கு ஈரல் பயாப்ஸி வரை போன பிறகு உண்மை தெரிந்திருக்கிறது. தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றுகிறானா, மாடிப்படி ஏறத் திணறுகிறானா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் கபடி, ஃபுட்பால் வேண்டாம். மாதிரி ரத்தம் உடைந்துபோயிருந்தால் எஸ்.ஜி.ஓ.டி. பொய்யாக ஏறும், அப்படி லேப் குறிப்பிட்டிருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். 'முழு உடல் பேக்கேஜ்' எடுத்துவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலும் அதில் எல்.எஃப்.டி. திரும்ப வரும், மேலே சொன்னவை இருக்காது. குழந்தைகள் கல்லீரல் மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் பணமும் மிச்சம், ஊசியும் ஒன்றோடு முடியும்.

எல்லாம் 'இல்லை' என்று வந்தால், சரி, கொழுப்பு ஈரல் என்று நிம்மதியாகச் சொல்லலாம். அதற்கு மாத்திரை இல்லை, லிவர் டானிக்கும் தேவையில்லை. 2019-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், கொழுப்பு ஈரல் உள்ள 11 முதல் 16 வயது வரையான 40 சிறுவர்களில் ஒரு பகுதியினருக்கு, உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரையை மட்டும் 8 வாரம் கிட்டத்தட்ட நிறுத்தினார்கள். ஈரலில் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதத்துக்கு இறங்கியது. வழக்கமான சாப்பாட்டில் இருந்தவர்களுக்கு 21-இலிருந்து 20 தான். கூல்டிரிங்க்ஸ், பாக்கெட் ஜூஸ், பாலில் கலக்கும் இனிப்பு மாவுகள், இந்த மூன்றை முதலில் நிறுத்துங்கள். பையனை மட்டும் தனியாகப் பட்டினி போடாமல் வீட்டில் எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும்.

மாமியாரிடம் கீழாநெல்லியைப் பற்றி எப்படிப் பேசுவது என்பது உங்கள் சாமர்த்தியம். பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ, சில வாரங்களில் தானாகவே போகும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். இப்போது எனக்குள்ள பிரச்சினை வேறு: காரணம் தேடும் நேரத்தில் இலையோ லேகியமோ உள்ளே போய்க்கொண்டிருந்தால், எண் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று பிரிக்க முடியாது. பரிசோதனைகள் முடியும்வரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள். இடையில் கண் மஞ்சளானால், வயிறு வீங்கினால், வாந்தியில் ரத்தமோ மலம் கறுப்பாகவோ போனால், பையன் பகலில் தூங்கி வழிந்து பேச்சு குழறினால், எந்த முடிவுக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மகளுக்கு இப்போதே எடுக்க வேண்டாம், அண்ணனின் முடிவு வரட்டும். அவனுக்கு வில்சன் உறுதியானால் அவளுக்கும் அது இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்போது செருலோபிளாஸ்மின், எல்.எஃப்.டி., சிறுநீர்ச் செம்பு, முடிந்தால் மரபணுப் பரிசோதனை எல்லாம் அவளுக்குக் கட்டாயம். அறிகுறி வருவதற்கு முன்பே பிடித்துவிட்டால் மாத்திரையோடு, வாழ்நாள் முழுக்க விடாமல் சாப்பிட்டால், மற்றவர்களைப் போல் வாழலாம். இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. நாத்தனாருக்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எழுதவில்லை. இருந்தால், இறந்த பையனின் உடன்பிறப்புகள் அவர்கள். உங்கள் மகனின் முடிவுக்குக் காத்திராமல் அவர்களை இந்த மாதமே பரிசோதிக்க வேண்டும். அந்தப் பையனின் பழைய மருத்துவமனைக் காகிதங்கள் வீட்டில் எங்காவது இருந்தால், தேடி எடுத்து டாக்டரிடம் கொண்டு போகச் சொல்லுங்கள்.